தென்னை, சவுக்கு மரத்தடிக் காளான்: வெட்டி எறியுமுன் குறித்து வையுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை வட்டாரங்களில் உள்ள தென்னந்தோப்புகளிலும் சவுக்குக் கொல்லைகளிலும் மரத்தின் அடிப்பாகத்தை ஒட்டி ஒருவகைக் காளான் முளைத்திருப்பதைக் காணலாம். அது குப்பைமேட்டில் முளைத்து மறுநாளே வாடிப்போகும் குடைக்காளான் போன்றதன்று. கட்டையைப் போலக் கெட்டியாக, அரைத்தட்டு வடிவில் மரத்தோடு ஒட்டி நிற்கும். மேற்புறம் மெருகெண்ணெய் பூசினாற்போல் செம்பழுப்பு நிறத்தில் பளபளக்கும். வளரும் ஓரம் வெண்மையாக இருக்கும். அடிப்புறத்தில் செவுள்கள் இரா. ஊசியால் குத்தியதுபோல் நுண்ணிய துளைகள் இருக்கும்.

இதற்குக் கானோடெர்மா என்று பெயர். தென்னையில் அடித்தண்டழுகல் நோயை உண்டாக்கும் பூசணத்தின் வெளித்தோற்றமே இக்காளான். பூசணத்தின் உடல் மண்ணுக்கடியில் வேரிலும் தண்டின் உட்புறத்திலும் ஏற்கனவே பரவிவிட்டது என்பதற்கு இது அடையாளம். காளானை மட்டும் வெட்டி எறிவதால் நோய் நீங்காது. இது எந்த மரத்தில், எந்த நாளில், எந்த இடத்தில் முளைத்தது என்பதைக் குறித்து வைத்தால், அக்குறிப்பு அந்தத் தோப்பில் எஞ்சிய மரங்களைக் காக்க உதவும். பக்கத்துத் தோப்புக்காரருக்கும் பயன்படும்.

புயலுக்குப் பின் வந்த நோய்

தமிழ்நாட்டில் இந்நோய் 1952இல் தஞ்சை மாவட்டத்தைத் தாக்கிய புயலுக்குப் பிறகு பெருமளவில் கவனத்திற்கு வந்தது. அதனால்தான் இன்றும் இதற்குத் ‘தஞ்சாவூர் வாடல் நோய்’ என்ற பெயர் வழங்குகிறது. கடலோர மணற்பாங்கான நிலங்களிலும், கோடையில் நீர் கிடைக்காத தோப்புகளிலும், பட்டுப்போன மரங்களின் அடிக்கட்டைகள் அகற்றப்படாத இடங்களிலும் நோயின் கடுமை அதிகம்.

திருவள்ளூர் மாவட்டத்து விவசாயிகள் இதை நினைவில் கொள்ளவேண்டும். 2016 டிசம்பர் 12ஆம் நாள் சென்னையருகே கரை கடந்த வர்தா புயல் இம்மாவட்டத்திலும் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. சாய்ந்த மரம் விறகாகப் போய்விடும்; அடிக்கட்டை பல இடங்களில் மண்ணிலேயே தங்கிவிடும். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழையால் வயல்களிலும் தோப்புகளிலும் நீர் தேங்கியது. மண்ணில் கிடக்கும் அடிக்கட்டை, பூசணத்திற்கு நெடுநாள் உணவாகும். அதன் வேர் அடுத்த மரத்தின் வேரைத் தொடும் இடத்தில் நோய் கைமாறுகிறது. காளானின் அடிப்புறத் துளைகளிலிருந்து கோடிக்கணக்கில் உதிரும் பழுப்பு நிற வித்துகள் காற்றிலும் பரவுகின்றன.

காளானுக்கு முன் தோன்றும் அறிகுறிகள்

தென்னையில் காளான் கடைசியாகத் தோன்றும் அறிகுறி. அது தோன்றும்போது பெரும்பாலும் அந்த மரம் காப்பாற்றும் நிலையைக் கடந்திருக்கும். சில மரங்களில் மரம் பட்ட பின்பே காளான் வெளிவரும். எனவே முன்னதாகத் தோன்றும் அறிகுறிகளைக் கவனித்தல் வேண்டும்.

அடிவரிசை மட்டைகள் வாடி, மஞ்சளாகி, மரத்தை ஒட்டியே தொங்கும். தண்டின் அடிப்பாகத்தில் செம்பழுப்பு நிறச் சாறு கசிந்து பட்டையில் கறையாகும். நோய் முற்ற முற்ற இக்கசிவு மேல்நோக்கி ஏறும். வேரைத் தோண்டிப் பார்த்தால் அழுகி நிறம் மாறியிருக்கும். குருத்து சிறுத்து, குரும்பை உதிர்ந்து, காய்ப்புக் குறையும். சாறு கசியும் நாளிலேயே குறிப்பு எழுதத் தொடங்கிவிடுவது நல்லது.

உலர்மாதிரிக் காப்பகம் என்றால் என்ன?

நெல் விதையைக் குதிரில் காப்பதுபோல, செடிகளையும் பூசணங்களையும் உலர்த்தி, உறையிலிட்டு, சீட்டு எழுதிக் காக்கும் இடத்திற்கு ஹெர்பேரியம் என்று பெயர். தமிழில் உலர்மாதிரிக் காப்பகம் எனலாம். இந்தியாவில் பூசணங்களுக்கென்று அமைந்த பெரிய காப்பகத்தை 1905இல் பீகாரிலுள்ள பூசாவில் எட்வின் ஜான் பட்லர் என்னும் பூசணவியல் அறிஞர் தொடங்கினார். 1934 பீகார் நிலநடுக்கத்தில் பூசா ஆராய்ச்சி நிலையம் சேதமுற்றதால், நிலையம் 1936இல் புதுதில்லிக்கு மாற்றப்பட்டது. அந்தக் காப்பகம் இன்று இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் பயிர் நோயியல் பிரிவில் இருக்கிறது. சென்னையில், பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்திலும் பூசணக் காப்பகம் உண்டு.

இத்தகைய காப்பகத்தில் உள்ள ஓர் உறையைப் பிரித்தால் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று உலர்ந்த காளான், மற்றொன்று சீட்டு. எந்த மரம், எந்த ஊர், எந்த நாள், யார் சேகரித்தது, மரம் உயிருடன் இருந்ததா என்பன சீட்டில் இருக்கும். சீட்டில்லாத காளான் வெறும் கட்டை. சீட்டுள்ள காளானோ நூறு ஆண்டு கழிந்தும் கேட்ட கேள்விக்கு விடை சொல்லும்.

பெயர் மாறும், சீட்டு மாறாது

காளானின் பெயரைத் தெரிந்துகொள்வதால் விவசாயிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பெயர் தவறினால் மருந்தும் தவறும். இதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் உண்டு.

முதலாவது கானோடெர்மாவே. இந்திய நூல்களில் தென்னை, சவுக்கு, புங்கன், வாகை முதலிய பல மரங்களில் தோன்றும் மெருகுக் காளானுக்குக் கானோடெர்மா லூசிடம் என்ற ஒரே பெயர் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. இப்பெயரின் மூலம், 1781இல் வில்லியம் கர்டிஸ் இங்கிலாந்துக் காளான் ஒன்றை விவரித்ததில் இருக்கிறது. அன்று அவர் கையாண்ட உலர்மாதிரி ஏதும் இன்று இல்லை. அதனால் எது உண்மையான லூசிடம் என்பதில் பிற்காலத்தார் இடையே குழப்பம் நேர்ந்தது. சீனாவில் மருந்துக்காக வளர்க்கப்படும் காளானையும் இதே பெயரால் அழைத்து வந்தனர். அது வேறு இனம் என்று 2012இல் அறிவியலார் பிரித்துக் கானோடெர்மா லிங்ஷி எனப் பெயரிட்டனர். ஆசிய மரங்களில் வளரும் மெருகுக் காளான்கள் பலவும் ஐரோப்பிய லூசிடத்திலிருந்து வேறானவை என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே பழைய உறைகளில் உள்ள மாதிரிகளை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியுள்ளது. சீட்டில் மரத்தின் பெயர் இருந்தால்தான் தென்னையில் வந்தது எது, சவுக்கில் வந்தது எது என்று பிரித்தறிய இயலும். இரண்டும் ஒன்றானால், தென்னந்தோப்பின் வேலியோரத்தில் நிற்கும் நோயுற்ற மரமும் தோப்புக்கு ஆபத்தாகலாம். வேறு வேறானால் அந்த அச்சம் குறையும்.

இரண்டாவது, சவுக்கில் வரும் பட்டைக் கொப்புள நோய். இதில் பட்டை கொப்புளம் போல உப்பி வெடித்து, உள்ளிருந்து கரிப்பொடி போன்ற வித்துகள் உதிரும். தட்டுக்காளான் தோன்றாது. இந்நோய்ப் பூசணத்தை ட்ரைகோஸ்போரியம் என்ற பெயரில் விவரித்தவரும் பட்லரே. பின்னர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சி. வி. சுப்பிரமணியன் அவர்களின் பெயரால் அமைந்த சுப்பிரமணியனோஸ்போரா என்ற பெயர் அதற்கு இடப்பட்டது. பெயர் மாறியும் நோய் அதுவே என்று உறுதியாகச் சொல்ல முடிவது, மாதிரியும் விவரமும் பதிவில் இருப்பதனால்தான். கொல்லையில் சவுக்கு வாடி நிற்கும்போது, அது கரிப்பொடி நோயா, வேரழுகலா என்று தெரியாமல் பணத்தைச் செலவழிப்பது வீண்.

மூன்றாவது எடுத்துக்காட்டு பலரும் குடிசையில் வளர்க்கும் சிப்பிக் காளான். இதுவும் இயற்கையில் மரத்தில் வளர்வதே. இமயமலை அடிவாரத்தில் கள்ளி மரத்திலிருந்து எடுத்து 1974இல் வளர்ப்புக்கு அறிமுகப்படுத்தப்பட்ட ஒரு வகைக்குச் சாஜோர் காஜு என்ற பெயர் சூட்டப்பட்டது. மலாய் மொழியில் இதற்கு மரக்கறி, அதாவது மரத்தில் விளையும் காய்கறி என்று பொருள். ஆனால் அந்தப் பெயருக்கு உரிய காளான் வளையமுள்ள, நார்போன்ற கெட்டியான வேறொன்று என்பதை இங்கிலாந்தின் கியூ தோட்டத்துப் பூசணவியலார் பெக்ளர் 1975இல் விளக்கினார். அதன் பிறகும் வித்துப் புட்டிகளில் பழைய பெயர் நெடுநாள் நீடித்தது.

சேகரிக்கும் முறை

காளானைச் சேகரிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கத்தி, பழைய செய்தித்தாள், பென்சில், தடித்த தாள் உறை ஆகியவை போதும்.

1. காளானைப் பறிக்குமுன் கைபேசியில் படம் எடுக்க வேண்டும். முழு மரம் ஒன்று, காளான் மரத்தோடு இருக்கும் நிலை ஒன்று, காளானின் அடிப்புறம் ஒன்று என மூன்று படங்கள் தேவை. அளவு தெரியும்படி பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துக்கொள்ளலாம்.

2. காளானை மரத்துண்டோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். முற்றிய ஒன்றும் வளரும் ஒன்றுமாக இரண்டு கிடைத்தால் நல்லது. வெட்டிய கத்தியைக் கழுவி, நெருப்பில் காட்டிய பிறகே அடுத்த மரத்திற்குப் பயன்படுத்த வேண்டும்.

3. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டக்கூடாது. ஈரத்தில் புழுங்கி அழுகிவிடும். செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்து, இளவெயிலில் அல்லது அடுப்புச் சூட்டின் அருகே காற்றோட்டமாக உலர்த்த வேண்டும். கெட்டியாக இருந்தால் இரண்டாகப் பிளந்து உலர்த்தலாம். கருகும் அளவுக்குச் சூடு ஏறக்கூடாது.

4. உலர்த்துவதற்கு முன் ஓர் இரவு காளானின் அடிப்புறம் கீழிருக்கும்படி வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் வித்துகள் படியும். கானோடெர்மாவின் வித்துப்பொடி பழுப்பு நிறம். இந்தத் தாளையும் மடித்து உறையில் சேர்த்தல் வேண்டும்.

5. உலர்ந்த காளானைத் தாள் உறையிலிட்டு, சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளே வைக்க வேண்டும். மை ஈரத்தில் ஊறி அழிந்துவிடும்; பென்சில் எழுத்து அழியாது.

சீட்டில் எழுதவேண்டியவை

மாதிரிக்கு ஒரு சீட்டு எவ்வாறு இருக்கலாம் என்பதைக் கீழே காணலாம்.

நாள், ஊர், வட்டம், தோப்பில் மரத்தின் வரிசை எண், மரத்தின் பெயரும் வயதும், மரம் உயிருடன் உள்ளதா, பட்டதா, அடிக்கட்டையா, காளான் இருந்த இடம் (வேர், அடித்தண்டு, வெட்டுவாய்), தரையிலிருந்து எத்தனை அங்குல உயரம், மண் வகை, பாசன முறை, சாறு கசிவு முதன்முதலில் எப்போது தெரிந்தது, சுற்றியுள்ள மரங்களில் எத்தனைக்கு நோய், சேகரித்தவர் பெயர்.

இவற்றில் தெரியாததை ஊகித்து எழுதக்கூடாது. தெரியாத இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினால் போதும். பிழையான ஊர்ப் பெயரைவிட வெற்றிடம் நல்லது.

தொழிற்பேட்டைப் பலகையில் முளைக்கும் காளான்

கும்மிடிப்பூண்டிப் பகுதிக்கே உரிய ஒரு செய்தியை இங்கே சொல்லவேண்டும். சிப்காட் தொழிற்பேட்டையில் இயந்திரங்களும் சரக்குகளும் வந்திறங்கும் மரப்பெட்டிகளும் அடித்தட்டுப் பலகைகளும் பின்னர் பழைய மரமாக விலைபோகின்றன. சுற்றுவட்டாரத்தில் மாட்டுக்கொட்டகைக்கும் வேலிக்கும் விறகுக்கும் இப்பலகை பயன்படுவதுண்டு. மழையில் நனைந்து கிடக்கும் இப்பலகைகளில் காளான் முளைக்கும்.

பெரும்பாலும் காணப்படுவது பிளவுச் செவுள் காளான் எனப்படும் ஸ்கைசோபில்லம். சிறு விசிறி போன்றது. மேற்புறம் சாம்பல் வெண்மையில் மயிர் அடர்ந்திருக்கும். அடிப்புறச் செவுள்கள் நீளவாக்கில் பிளந்திருக்கும். இது உலகில் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் உள்ளது. பெரும்பாலும் பட்ட மரத்திலேயே வாழ்வது. இதைக் கண்டு தென்னைக்கு அஞ்சவேண்டியதில்லை. கானோடெர்மா போலத் தட்டாக, துளைகளுடன் இருந்தால் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சரக்குடன் வரும் மரப்பெட்டிகளில் நோயும் பூச்சியும் வராமல் தடுக்கப் பன்னாட்டு விதி 2002 முதல் உள்ளது. அதன்படி வெப்ப முறையில் பதப்படுத்தும்போது, மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும். பதப்படுத்திய பலகையில் கோதுமைக்கதிர்ச் சின்னத்துடன் முத்திரை இருக்கும். ஆனால் பதப்படுத்திய பலகையும் பின்னர் மழையில் கிடந்தால் இங்குள்ள பூசணமே அதில் ஏறிவிடும்.

எனவே பலகையில் முளைத்த காளானைச் சேகரித்தால் ‘மரம் தெரியவில்லை, தொழிற்பேட்டையில் வாங்கிய பெட்டிப்பலகை, முத்திரை உண்டு’ என்று எழுதுவது அவசியம். வெறுமனே ‘கும்மிடிப்பூண்டி’ என்று மட்டும் எழுதினால், வெளியிலிருந்து வந்த பூசணம் இவ்வூருக்குரியதென்று பதிவாகிவிடும். இவ்வூருக்குரியது வெளியிலிருந்து வந்ததென்றும் பதிவாகிவிடக்கூடும். இந்த வேறுபாட்டைக் காட்டுவது சீட்டின் ஒரு வரிதான். நனைந்து காளான் பிடித்த பலகையைத் தென்னை அடியில் அடுக்கி வைக்காமல், விறகாக முதலில் எரித்துவிடுவது நலம்.

தோப்பில் செய்யவேண்டியவை

காளானைச் சேகரித்த கையோடு தோப்பிலும் வேலை தொடங்க வேண்டும்.

பட்ட மரத்தையும் மிகவும் முற்றிய நோயுள்ள மரத்தையும் அடிக்கட்டை, வேர் ஆகியவற்றுடன் தோண்டி எடுத்து அங்கேயே எரித்தல் வேண்டும். அடிக்கட்டையை மண்ணில் விட்டு மேல்மரத்தை மட்டும் விற்பது நோயை விதைத்து வைப்பதற்கு ஒப்பாகும். நோயுள்ள மரத்தைச் சுற்றி 2 அடி அகலம், 3 அடி ஆழத்தில் அகழி வெட்டித் தனிமைப்படுத்தினால், வேர் வழியாகப் பரவுவது தடைப்படும். நோயுற்ற மரத்தைத் தொட்டு ஓடும் வாய்க்கால் நீர் நல்ல மரத்திற்குப் பாயாதபடி ஒவ்வொரு மரத்திற்கும் தனி வட்டப்பாத்தி அமைத்து நீர் பாய்ச்ச வேண்டும். கோடையில் மரம் வறட்சியால் வாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சிய மரங்களுக்கு, மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ மக்கிய தொழு உரமும் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும் இடுவது பரிந்துரை. ட்ரைகோடெர்மா போன்ற எதிர்ப்பூசணங்களைத் தொழு உரத்துடன் கலந்து இடுவது வேரைச் சுற்றி நோய்ப்பூசணத்தை அடக்கும். நோய் தொடங்கிய மரத்தைச் சுற்றி 1 சதவீத போர்டோ கலவையை மரத்திற்கு 40 லிட்டர் வீதம், மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஊற்றலாம். போர்டோ கலவையையும் எதிர்ப்பூசணத்தையும் ஒரே சமயத்தில் இடக்கூடாது. செம்பு எதிர்ப்பூசணத்தையும் கொன்றுவிடும். முன்னர் வேர்வழி ஊட்டுவதற்குச் சொல்லப்பட்ட ட்ரைடெமார்ப் மருந்து 2018இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பழைய குறிப்பேட்டில் அந்தப் பெயரைக் கண்டு கடையில் தேடக்கூடாது.

சவுக்கு வெட்டிய நிலத்தில் வேர்க்கட்டைகளைத் தோண்டி அகற்றாமல் உடனே மறுபடியும் சவுக்கு நடுவது நல்லதன்று. கட்டைகளைத் தோண்டி விறகாக விற்றபின், நிலத்தை உழுது, நிலக்கடலையோ பயறோ ஒரு பருவம் பயிரிட்டு, பிறகு நடுவது சிறந்தது.

உண்பதற்கு அன்று

மரத்தடித் தட்டுக்காளான் கட்டைபோன்றது, கறிக்கு ஆகாது. ‘மருந்துக் காளான்’ என்ற பெயரைக் கேட்டுத் தோப்பில் முளைத்ததைப் பொடித்து உண்பதும் கூடாது. மேலே கூறியபடி, மருந்துக்கென வளர்க்கப்படுவதும் தோப்பில் முளைப்பதும் ஒன்றென்று கருதுவதற்கில்லை. பட்ட மரத்தில் முளைக்கும் மென்மையான காளான்களையும் தெரிந்தவர் உறுதிசெய்யாமல் சமைக்கக்கூடாது.

எங்கே கொடுப்பது?

உலர்த்திச் சீட்டிட்ட உறையைத் திரூரிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ அருகிலுள்ள வேளாண்மை அலுவலகத்திலோ கொடுத்து, பயிர் நோயியல் வல்லுநரின் கருத்தைக் கேட்கலாம். சவுக்கு பற்றிய ஐயங்களுக்குக் கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்தை அணுகலாம். இரண்டு மாதிரி இருந்தால் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றை வீட்டிலேயே, பூச்சி அணுகாத தகரப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

நிலத்தின் பட்டாவையும் கிணற்றுக் கணக்கையும் பத்திரமாக வைக்கும் விவசாயி, மரத்தின் நோய்க்கணக்கையும் அதனுடன் சேர்த்து வைக்கலாம். இன்று தந்தை எழுதி வைத்த ஒரு சீட்டு, இருபது ஆண்டு கழித்து மகன் அதே குழியில் தென்னங்கன்று நடப்போகும் நாளில், எந்த இடத்தில் நடக்கூடாது என்று சொல்லும்.